படுக்கைநேர ஷெமா

படுக்கைநேர ஷெமா என்பது யூதர்கள் இரவில் உறங்கும் முன் ஓதும் வேண்டுதல்களின் தொகுப்பு. எபிரேய மொழியில் இது ‘கிரியத் ஷெமா அல் ஹமிட்டா’ எனப்படும். ‘படுக்கையின் மேல் ஷெமாவை ஓதுதல்’ என்பது இதன் பொருள். பிறரை மன்னித்தல், உயிரை இறைவனிடம் ஒப்படைத்தல், இறைவன் ஒருவனே என்று அறிக்கையிடுதல், இரவின் ஆபத்துகளிலிருந்து காவல் கேட்டல் ஆகியவை இதன் முக்கியப் பகுதிகள்.

யூத சமயத்தின் பொது வழிபாட்டில் சில பகுதிகளை ஓதப் பத்து பேர் கூடியிருக்க வேண்டும். படுக்கைநேர ஷெமாவுக்குத் தொழுகைக்கூடமோ, குருவோ, கூட்டமோ தேவையில்லை. அதன் மையப் பகுதியை மனப்பாடமாக அறிந்தவருக்கு நூலும் வேண்டாம். தொழுகைக்கூடமும் நூல்களும் இல்லாத காலங்களில் யூதர்களின் நினைவில் எஞ்சியவற்றுள் ஷெமா முதன்மையானது. மேற்கு இந்தியாவின் பெனே இஸ்ரயேல் சமூகம் இதற்குச் சான்றாகக் குறிப்பிடப்படுகிறது.

பெயரும் விவிலிய அடிப்படையும்

‘ஷெமா’ என்ற எபிரேயச் சொல்லுக்குக் ‘கேள்’ என்று பொருள். உபாகமம் 6-ஆம் அதிகாரத்தின் 4-ஆம் வசனம் இச்சொல்லுடன் தொடங்குகிறது. இறைவன் ஒருவனே என்று இஸ்ரயேல் மக்களுக்கு அறிவிக்கும் இவ்வசனம் எபிரேயத்தில் ஆறே சொற்களால் ஆனது. யூத சமயத்தின் நம்பிக்கை அறிக்கையாக இது கருதப்படுகிறது.

முழுமையான ஷெமாவில் மூன்று பகுதிகள் உள்ளன. அவை உபாகமம் 6:4–9, உபாகமம் 11:13–21, எண்ணாகமம் 15:37–41. முதல் பகுதியில், இந்த வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும், வீட்டில் இருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் இவற்றைப் பேச வேண்டும் என்ற கட்டளை வருகிறது. காலையிலும் மாலையிலும் ஷெமா ஓதும் கடமை இதிலிருந்து பிறந்தது. உறங்கும் முன் மீண்டும் ஒருமுறை ஓதும் வழக்கம் பின்னர் ரபிகளின் காலத்தில் உருவானது.

தோற்றமும் வளர்ச்சியும்

மிஷ்னா பொது ஆண்டு 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூல். மாலையில் ஷெமாவை எந்த நேரத்திலிருந்து ஓதலாம் என்ற கேள்வியுடன்தான் அந்நூல் தொடங்குகிறது. அங்கே ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ரபான் கமாலியேலின் மகன்கள் ஒரு விருந்திலிருந்து நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பி, தாங்கள் இன்னும் ஷெமா ஓதவில்லை என்றனர். விடியும் வரை ஓதலாம், எனவே இப்போது ஓதுங்கள் என்று தந்தை அவர்களிடம் சொன்னார்.

‘படுக்கும்போது’ என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது என்பதிலும் கருத்து வேறுபாடு இருந்தது. மாலையில் சாய்ந்து படுத்தபடியே ஓத வேண்டும் என்றனர் ஷம்மாயின் மாணவர்கள். அச்சொல் நேரத்தைக் குறிக்கிறது, உடல் நிலையை அல்ல என்றனர் ஹில்லேலின் மாணவர்கள். ஹில்லேல் தரப்பின் கருத்தே நிலைபெற்றது.

படுக்கையில் ஓதும் வழக்கத்தைப் பாபிலோனியத் தல்மூது வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. தொழுகைக்கூடத்தில் ஏற்கெனவே ஷெமா ஓதியவரும் தம் படுக்கையில் மீண்டும் ஓதுவது நற்செயல் என்று ரபி யெகோசுவா பென் லேவி கூறினார். சமய நூல்களிலேயே மூழ்கியிருக்கும் அறிஞருக்கு இது தேவையில்லை என்பது மற்றொரு கருத்து. அபாயே என்ற ஆசிரியர் அதை ஏற்கவில்லை. அறிஞரும் இரக்கம் வேண்டும் ஒரு வசனத்தையாவது சொல்ல வேண்டும் என்ற அவர், அதற்குச் சங்கீதம் 31:5-ஐ எடுத்துக்காட்டினார். தன் ஆவியை இறைவனின் கையில் ஒப்படைப்பதாகச் சொல்லும் வசனம் அது.

16-ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சபேத் நகரில் வாழ்ந்த மறைஞானிகள் இவ்வழிபாட்டை விரிவுபடுத்தினர். ஐசக் லூரியாவின் (1534–1572) மரபைச் சேர்ந்தவர்கள் மன்னிப்பு அறிக்கைக்கும் தன்னாய்வுக்கும் கூடுதல் இடம் அளித்தனர். அதே நகரில் வாழ்ந்த ஜோசப் காரோ தொகுத்து, 1565-ல் வெனிசில் அச்சான ‘ஷுல்கான் அரூக்’ என்ற சட்டத் தொகுப்பிலும் படுக்கைநேர ஷெமாவுக்குத் தனிப் பிரிவு உள்ளது.

அமைப்பு

வேண்டுதலின் வரிசையும் நீளமும் சமூகத்துக்குச் சமூகம் மாறுபடும். ஐரோப்பிய அஷ்கெனாசி மரபு, ஸ்பானிய வேர்கொண்ட செபார்திய மரபு, ஏமன் மரபு ஆகியவற்றின் வேண்டுதல் நூல்களில் வெவ்வேறு வடிவங்கள் காணப்படுகின்றன. கீழ்க்காணும் பகுதிகள் பரவலாக உள்ளவை.

மன்னிப்பு அறிக்கை

பல நூல்களில் வேண்டுதல் இதனுடன்தான் தொடங்குகிறது. தன்னைக் கோபப்படுத்தியவர், தன் உடலுக்கோ உடைமைக்கோ மதிப்புக்கோ தீங்கு செய்தவர் ஆகிய அனைவரையும் மன்னிப்பதாக ஓதுபவர் அறிவிக்கிறார். தெரிந்து செய்த தீங்கு, தெரியாமல் செய்த தீங்கு, சொல்லால் செய்தது, செயலால் செய்தது என ஒவ்வொன்றும் தனித்தனியே சொல்லப்படுகிறது. தன் பொருட்டு யாரும் தண்டிக்கப்பட வேண்டாம் என்ற வேண்டுகோளும் உண்டு. சில வடிவங்களில் இப்பிறவியிலும் வேறு பிறவியிலும் செய்யப்பட்ட தீங்குகள் என்ற தொடர் வருகிறது. யூத மறைஞானத்தின் மறுபிறவிக் கருத்து இதில் வெளிப்படுகிறது.

இதன் வேர் தல்மூதில் உள்ளது. மார் சுத்ரா என்ற ஆசிரியர் ஒவ்வொரு இரவும் படுக்கைக்குச் செல்லும்போது, தன்னைத் துன்புறுத்திய அனைவரையும் மன்னிப்பதாகச் சொல்வார் என்று அந்நூல் கூறுகிறது.

ஹமப்பில்

‘ஹமப்பில்’ என்பதற்கு ‘விழச்செய்பவர்’ என்று பொருள். கண்களில் உறக்கத்தை விழச்செய்யும் இறைவனைப் புகழும் வாழ்த்துரை இது. அமைதியாகப் படுத்து அமைதியாக எழ வேண்டும், தீய எண்ணங்களும் கெட்ட கனவுகளும் கலக்கக் கூடாது, உறக்கம் மரணமாக முடிந்துவிடக் கூடாது என்ற வேண்டுகோள்கள் இதில் அமைந்துள்ளன. உலகம் முழுவதற்கும் ஒளி தருபவரைப் புகழ்ந்து இது முடிகிறது. இருளுக்குள் செல்லும் வேளையின் வேண்டுதல் ஒளியைச் சொல்லி நிறைவடைகிறது.

யூதப் பொது வழிபாட்டின் வேண்டுதல்கள் பெரும்பாலும் ‘நாங்கள்’ என்று பன்மையில் பேசும். ஹமப்பில் ‘என் கண்கள்’, ‘என் படுக்கை’ என்று ஒருமையில் பேசுகிறது. மனிதன் தனியாக உறங்குகிறான் என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

ஷெமா

ஷெமாவின் முதல் வசனமும், அதைத் தொடரும் உபாகமம் 6:5–9 பகுதியும் ஓதப்படுகின்றன. முதல் வசனத்தை ஓதும்போது வலக்கையால் கண்களை மூடிக்கொள்வது வழக்கம். புறக்காட்சிகளை விலக்கி, இறைவன் ஒருவனே என்ற எண்ணத்தில் மனத்தைக் குவிப்பதற்காக இவ்வாறு செய்கின்றனர். சில மரபுகளில் மூன்று பகுதிகளும் முழுமையாக ஓதப்படும்.

ஹமப்பிலை முதலில் சொல்வதா, ஷெமாவை முதலில் சொல்வதா என்பதில் பழைய நூல்களுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷெமா முதலில் என்கிறது தல்மூது. 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ் ஹமப்பிலை முதலில் வைக்கிறார். இன்று இரு வழக்கங்களும் உள்ளன.

காவல் வேண்டும் பகுதிகள்

ஷெமாவுக்குப் பின் சங்கீதங்களும் விவிலிய வசனங்களும் ஓதப்படுகின்றன. அவற்றுள் 91-ஆம் சங்கீதம் முக்கியமானது. இரவின் அச்சத்திலிருந்தும் இருளில் வரும் நோயிலிருந்தும் காப்பு கிடைக்கும் என்று அது சொல்கிறது. ரபி யெகோசுவா பென் லேவி இதை ஓதிவிட்டு உறங்குவார் என்று தல்மூது குறிப்பிடுகிறது. மகனிடமிருந்து தப்பியோடிய தாவீதின் பாடலாகக் கருதப்படும் 3-ஆம் சங்கீதமும் இவ்வரிசையில் உண்டு. பகைவர் சூழ்ந்த நிலையிலும் படுத்து உறங்கி விழித்ததை அது பேசுகிறது.

எண்ணாகமம் 6:24–26-ல் உள்ள குருக்களின் ஆசியும் ஓதப்படுகிறது. எபிரேயத்தில் இந்த ஆசி அறுபது எழுத்துகள் கொண்டது. சாலொமோனின் படுக்கையைச் சூழ்ந்து அறுபது வீரர்கள் காவல் நின்றதாக உன்னதப்பாட்டு கூறும் காட்சியை ரபிகள் இந்த அறுபது எழுத்துகளுடன் இணைத்தனர். அரசனுக்கு வாளேந்திய வீரர்கள் காவல் என்றால், எளியவருக்கு இறைவனின் சொல்லே காவல் என்பது இவ்விளக்கத்தின் கருத்து.

அஷ்கெனாசி மரபில் நான்கு தூதர்களை நினைவுகூரும் பகுதி புகழ்பெற்றது. வலப்பக்கம் மிக்கேல், இடப்பக்கம் கபிரியேல், முன்னே ஊரியேல், பின்னே ரபாயேல், தலைக்கு மேல் ‘ஷெகினா’ எனப்படும் இறைப்பிரசன்னம் என்று அது படுக்கையைச் சுற்றி ஒரு வளையம் அமைக்கிறது. தூதர்களின் பெயர்களுக்கு முறையே இறைவனுக்கு நிகர் யார், இறைவனின் வலிமை, இறைவனின் ஒளி, இறைவனின் குணமளிப்பு என்று பொருள். குழந்தைகளுக்கு இப்பகுதியைப் பாடலாகப் பாடும் வழக்கம் உண்டு.

ஆன்மிகப் பொருள்

வைப்பும் மீட்பும்

சங்கீதம் 31:5-ல் ‘ஒப்படைக்கிறேன்’ என்று வரும் எபிரேய வினைச்சொல்லின் வேரிலிருந்தே ‘பிக்காதோன்’ என்ற சொல்லும் பிறந்தது. ஒருவரை நம்பி ஒப்படைக்கும் வைப்புப் பொருளுக்கு யூதச் சட்டம் தரும் பெயர் அது. இதை வைத்து ரபிகள் உறக்கத்தை விளக்கினர். மனிதரிடம் புதிய பொருளைக் கொடுத்து வைத்தால் அது பழையதாகித் திரும்பும். இறைவனிடம் இரவில் களைத்த உயிரைக் கொடுத்தால் காலையில் அது புதிதாகத் திரும்பும்.

வைப்பு திரும்பக் கிடைத்ததற்கான நன்றி காலையில் சொல்லப்படுகிறது. விழித்தவுடன் ஓதும் ‘மோதே அனி’ என்ற சிறு வேண்டுதல், உயிரைத் திருப்பித் தந்ததற்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் மோசே பென் மகீர் எழுதிய ‘செதெர் ஹயோம்’ நூலில் இது இடம்பெற்றுள்ளது. படுக்கைநேர ஷெமாவும் மோதே அனியும் ஓர் இரவின் இரு கரைகளாக அமைகின்றன.

மரணத்தின் நினைவு

உறக்கம் மரணத்தின் அறுபதில் ஒரு பங்கு என்கிறது தல்மூது. யூத மரபில் ஒருவர் இறக்கும் வேளையில் சொல்ல வேண்டிய இறுதிச் சொற்களும் ஷெமாவின் முதல் வசனமே. ரோமானியர் ரபி அகிவாவைக் கொன்றபோது அவர் ஷெமாவை ஓதி, ‘ஒருவன்’ என்ற சொல்லை நீட்டி உச்சரித்தபடி உயிர்விட்டார் என்று தல்மூது கூறுகிறது.

நாளின் கடைசிச் சொற்களும் வாழ்வின் கடைசிச் சொற்களும் ஒன்றே என்பதால், ஒவ்வோர் இரவும் மரணத்துக்கான பயிற்சியாகிறது. குழந்தைப் பருவம் முதல் பல்லாயிரம் இரவுகள் சொல்லிப் பழகிய வசனம் இறுதி வேளையிலும் நாவில் எழும் என்பது இதன் உள்ளுணர்வு.

நாளின் கணக்கு

சில மரபுகளில் படுக்கைநேர ஷெமாவுடன் அன்றைய செயல்களை எண்ணிப் பார்க்கும் தன்னாய்வும் சேர்ந்துள்ளது. வணிகர் இரவில் கணக்கு முடிப்பதைப் போல மனிதர் தம் நாளைக் கணக்கிட வேண்டும் என்பது இதன் நோக்கம். இதில் ஒரு வரிசை உண்டு. பிறர் தனக்குச் செய்த தவறுகளை மன்னித்த பின்னரே, தன் தவறுகளுக்கான மன்னிப்பைக் கேட்க முடிகிறது. கோபத்துடன் உறங்கினால் அது மறுநாளுக்கும் தொடரும் என்பதால், மன்னிப்பு ஒவ்வோர் இரவும் புதிதாகச் செய்ய வேண்டிய செயலாக வைக்கப்பட்டுள்ளது.

அச்சம்

படுக்கையில் ஷெமா ஓதுபவர் இருபுறமும் கூர்மையான வாளை ஏந்தியவரைப் போன்றவர் என்றும், தீய சக்திகள் அவரை அணுகா என்றும் தல்மூதில் ஒரு கருத்து உள்ளது. பழங்காலத்தில் இரவு என்பது திருடர், விலங்கு, நோய், பேய் பற்றிய அச்சங்களின் காலம். பிற்கால உரையாசிரியர்களில் பலர் தீய சக்திகள் என்பதை மனத்தின் தீய எண்ணங்களாகவும் விளக்கினர்.

நடைமுறைகள்

ஹமப்பில் சொன்ன பின் பேசுவதையும் உண்பதையும் தவிர்த்து உறங்கிவிட வேண்டும் என்பது பொது விதி. பகல் உறக்கத்துக்கு ஹமப்பில் கிடையாது. வாழ்த்துரை சொல்லியும் உறக்கம் வராவிட்டால் இறைவனின் பெயரை வீணாகச் சொன்னதாகுமா என்ற கேள்வியைச் சட்ட அறிஞர்கள் விவாதித்துள்ளனர். அந்த வாழ்த்துரை உலகில் உறக்கத்தைப் படைத்ததற்கான பொதுவான புகழ்ச்சி, ஆகவே அது வீணாகாது என்பது அவர்களில் பலரது விடை. உறக்கம் வரும் வரை ஷெமாவையே திரும்பத் திரும்ப ஓதலாம்.

பஸ்கா விழாவின் முதல் இரவில் காவல் வேண்டும் சங்கீதங்களை விட்டுவிட்டு ஷெமாவின் முதல் பகுதியையும் ஹமப்பிலையும் மட்டும் சொல்வது வழக்கம். எகிப்திலிருந்து விடுதலை பெற்ற அந்த இரவு இறைவனால் காக்கப்பட்ட இரவு என்பதால் தனிக் காவல் கேட்க வேண்டியதில்லை.

குழந்தை பேசத் தொடங்கியதும் தந்தை அதற்குத் தோராவையும் ஷெமாவின் முதல் வசனத்தையும் கற்பிக்க வேண்டும் என்கிறது தல்மூது. யூத வீடுகளில் படுக்கைநேரம் இதற்குரிய வேளையாக அமைந்தது. தாயோ தந்தையோ அருகில் இருந்து சொல்லித்தரும் இந்த வசனம் பல யூதர்களுக்கு முதல் எபிரேயப் பாடம்.

இரண்டாம் உலகப் போரின்போது பல யூதப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் காப்பாற்றக் கிறித்தவ இல்லங்களில் ஒப்படைத்தனர். போருக்குப் பின் அவர்களைத் தேடிச் சென்ற ரபிகள் குழந்தைகள் உறங்கும் வேளையில் ஷெமாவை உரக்கச் சொன்னதாகவும், அதைக் கேட்ட சிலர் கண்களை மூடி அம்மாவை அழைத்து அழுததாகவும் ஒரு செய்தி யூதர்களிடையே பரவலாகச் சொல்லப்படுகிறது. பெயரையும் ஊரையும் மறந்த பிள்ளைகளிடமும் படுக்கையில் கேட்ட வசனம் எஞ்சியிருந்தது என்பதே அச்செய்தியின் சாரம்.

இந்தியாவில்

பெனே இஸ்ரயேல்

மகாராட்டிரத்தின் கொங்கண் கடற்கரையில் வாழ்ந்த யூதர்கள் பெனே இஸ்ரயேல் எனப்படுகின்றனர். தம் முன்னோர் வந்த கப்பல் நவ்காவ் அருகே உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரை சேர்ந்தனர் என்றும் அவர்களின் மரபுக் கதை கூறுகிறது. அவர்களின் சமய நூல்கள் கடலில் போயின. கொங்கண் கிராமங்களில் குடியேறி எண்ணெய் ஆட்டும் தொழில் செய்தனர். சனிக்கிழமைகளில் செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று அழைக்கப்பட்டனர்.

பல நூற்றாண்டுகளில் அவர்கள் மராத்தி பேசுபவர்களாயினர். எபிரேய மொழி மறைந்தது. ஆனால் ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவு விதிகள் சில ஆகியவற்றுடன் ஷெமாவின் முதல் வசனம் மட்டும் எபிரேயத்திலேயே அவர்களிடம் நிலைத்தது. வேறு வேண்டுதல் தெரியாததால் விருத்தசேதனம், திருமணம், இறப்பு என எல்லாச் சடங்குகளிலும் அதையே சொன்னார்கள்.

தாவீது ரகபி என்ற யூதர் அவர்களைச் சந்தித்து யூதர் என அடையாளம் கண்டதாகவும், சமய முறைகளை மீண்டும் கற்பித்ததாகவும் மரபு கூறுகிறது. அவருடைய காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 18-ஆம் நூற்றாண்டுக் கொச்சியின் ரகபி குடும்பத்துடன் ஆய்வாளர் பலர் அவரைத் தொடர்புபடுத்துகின்றனர். 1796-ல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் மும்பையில் பெனே இஸ்ரயேலரின் முதல் தொழுகைக்கூடத்தைக் கட்டினார். ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் 1897-ல் எழுதிமுடித்த சமூக வரலாறு 1937-ல் நூலாக வெளிவந்தது.

இஸ்ரேல் நாடு உருவான பின் பெனே இஸ்ரயேலரில் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். 1960-களின் தொடக்கத்தில் அவர்களின் யூதத் தன்மை குறித்து அங்குள்ள சமயத் தலைமை ஐயம் எழுப்பியது. திருமணத்துக்கு முன் வம்சாவழியை ஆராய வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அவர்கள் போராடினர். 1964-ல் அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று இஸ்ரேல் அரசு அறிவித்தது. நூலின்றிக் காப்பாற்றிய நம்பிக்கைக்கு, நூல்களை இழக்காதவர்களிடம் அவர்கள் ஏற்பு பெற வேண்டியிருந்தது.

கொச்சியும் சென்னையும்

கொச்சி யூதர்கள் எபிரேய வேண்டுதல் நூல்களை இழக்கவில்லை. பொது ஆண்டு 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழுக்கு மிக நெருக்கமான பழைய மலையாளம் அதன் மொழி. மட்டாஞ்சேரியின் பரதேசி தொழுகைக்கூடம் 1568-ல் கட்டப்பட்டது. வழிபாடு எபிரேயத்தில் நடந்தாலும், கொச்சி யூதப் பெண்கள் விவிலியக் கதைகளையும் வாழ்த்துகளையும் மலையாளப் பாடல்களாகக் குறிப்பேடுகளில் எழுதிக் காத்தனர்.

சென்னையில் 17-ஆம் நூற்றாண்டில் வைரம், பவள வணிகத்துக்காக வந்த யூதர்கள் வாழ்ந்தனர். 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் ஆல்டர்மேன்களில் யூத வணிகர்களும் இருந்தனர். ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெரு பவள வணிகத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. இச்சமூகம் சென்னையில் பெரிதாக நிலைக்கவில்லை. சில கல்லறைகள் எஞ்சியுள்ளன.

தமிழ் மரபுடன் ஒப்புமை

உறக்கத்தையும் மரணத்தையும் இணைக்கும் எண்ணம் தமிழ் வாசகர்களுக்குப் புதியதல்ல. திருக்குறளின் நிலையாமை அதிகாரம் (குறள் 339) சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடுகிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் இரவுப் பூசைக்குப் பின் இறைவனைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்து, காலையில் திருப்பள்ளியெழுச்சி பாடுவர். அங்கே பக்தர் விழித்திருந்து இறைவனை உறங்கச் செய்கிறார். யூத மரபில் மனிதன் உறங்க, இறைவன் விழித்திருக்கிறான். இஸ்ரயேலைக் காப்பவர் கண்ணயர்வதில்லை என்று 121-ஆம் சங்கீதம் சொல்கிறது. இரு மரபுகளிலும் நாளின் முடிவு இறைவனின் அண்மையில் நிகழ்கிறது.

கிறித்தவ மரபில் தொடர்பு நேரடியானது. சங்கீதம் 31:5-ன் சொற்களைச் சொல்லி இயேசு உயிர்விட்டதாக லூக்கா நற்செய்தி (23:46) கூறுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் இரவு வேண்டுதலிலும் அதே சொற்கள் இடம்பெறுகின்றன.

இன்று

சமயக் கட்டுப்பாடுள்ள யூதர்கள் படுக்கைநேர ஷெமாவை முழுமையாக ஓதுகின்றனர். பிறரில் பலர் முதல் வசனத்தையும் ஒரு சில வரிகளையும் மட்டும் சொல்கின்றனர். குழந்தைகளுக்கான படநூல்களிலும் தாலாட்டுகளிலும் இது இடம்பெறுகிறது. முழு வேண்டுதலும் தெரியாத யூதருக்கும் இதன் ஆறு சொற்கள் தெரிந்திருக்கும். கொங்கண் கடற்கரையில் பல நூற்றாண்டுகள் ஒரு சமூகத்தைத் தாங்கியவையும் அந்த ஆறு சொற்களே.